ஒரு குதிரையும் ஓர் ஓடமும்

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் பலர் முகஞ் சுளிப்பர். சூதும், கடனும், சீரழிந்த குடும்பங்களுமே அவர்கள் நினைவுக்கு வருவன. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 1974ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. வழக்கு நெடுங்காலம் நடந்தது. இறுதியில், 1996ஆம் ஆண்டில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததேயன்றி வெறும் சூதன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாதம் அவ்வாறிருக்க, நாம் இங்கே எழுப்ப விரும்பும் வினா வேறு. ஒரு காசும் பணயம் வைத்தறியாத ஒருவர், வாழ்நாள் முழுவதும் பந்தயத்தில் பற்றுடையவராக ஆவது எங்ஙனம்?

அத்தகையோரை வினவிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கும். அவர்கள் முதலில் நேசித்தது பந்தயத்தை அன்று, ஒரு குதிரையை. அதன் பெயரும் நிறமும் நடையும் இளமையில் நெஞ்சிற் பதிந்துவிட்டன. அக்குதிரை ஓடியதனாலேயே பந்தயத்தைப் பார்த்தார்கள். அது மறைந்த பின்னும் பார்க்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

ஆஸ்திரேலிய மக்கள் கொண்டாடிய ஃபார் லாப் என்ற குதிரை இதற்கு நல்ல சான்று. நியூசிலாந்தில் பிறந்த அக்குதிரை 51 பந்தயங்களில் ஓடி 37இல் வென்றது. 1930ஆம் ஆண்டில் மெல்போர்ன் கோப்பையையும் வென்றது. அது உலகப் பொருளாதாரம் சரிந்து, வேலையற்றோர் வீதிகளில் நின்ற காலம். அம்மக்களுக்கு அக்குதிரை ஆறுதலாயிற்று. 1932ஆம் ஆண்டில் அது கலிபோர்னியாவில் இறந்தது. இன்று அதன் தோல் மெல்போர்ன் நகரிலும், இதயம் கான்பெராவிலும், எலும்புக்கூடு நியூசிலாந்திலும் காக்கப்பட்டு வருகின்றன. இறந்துபோன ஒரு குதிரையை இரு நாடுகள் பங்கிட்டுப் போற்றுவதற்குப் பணயப் பணம் காரணமாக இருக்க முடியுமா?

வெற்றி பெற்றதனால் அன்றோ அவ்வளவு அன்பு என்று சிலர் ஐயுறலாம். ஜப்பானில் ஹாரு உராரா என்றொரு பெண் குதிரை இருந்தது. 113 முறை ஓடியும் ஒரு முறையேனும் அது வெல்லவில்லை. ஆயினும் 2003, 2004ஆம் ஆண்டுகளில் அதனைக் காண மக்கள் திரண்டனர். தோற்றுத் தோற்றும் மீண்டும் ஓட வந்து நின்ற அதனைத் தம்மில் ஒருவராகவே அவர்கள் கருதினர்.

நாம் பணியாற்றும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் புகழ் பெற்ற குதிரைப் பந்தயத் திடல் ஏதுமில்லை. ஆனால் இங்கே கடல் உண்டு. கடலில் ஓடும் பந்தய ஓடம் உண்டு. பந்தயக் குதிரைக்கு ஒப்பான அன்பை நிக்கோபார் மக்கள் அவ்வோடத்தின்மீது பொழிந்து வந்துள்ளனர்.

நிக்கோபார் தமிழருக்குப் புதிய பெயரன்று. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் நடந்த கடற்படையெடுப்பைக் கூறும்போது இதனை மாநக்கவாரம் எனக் குறிக்கின்றது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டேனியர் தரங்கம்பாடியிலிருந்து வந்து இத்தீவுகளுக்கு உரிமை கோரினர். 1869ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். வந்தவரெல்லாம் தென்னையையும் துறைமுகத்தையும் கணக்கெடுத்தனர். ஓடத்தின் அருமையை ஊன்றிக் கண்டவர் சிலரே. அவர்களுள் எட்வர்டு ஹொரேஸ் மேன், ரிச்சர்டு டெம்பிள் ஆகிய அதிகாரிகள் குறிப்பிடத்தக்கவர்.

நிக்கோபார் ஓடம் ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. கவிழாமல் தாங்குவதற்காக அதன் ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை ஒன்று கழிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கார் நிக்கோபார் மக்கள் தமக்கு வேண்டிய பெரிய ஓடங்களை முற்காலத்தில் தாமே செய்துகொண்டதில்லை. தெற்கே, பெருமரங்கள் வளரும் தீவுகளில் செய்யப்பட்ட ஓடங்கள், சௌரா என்னும் சிறு தீவின் வழியாகவே அவர்களை வந்தடைய வேண்டும் என்பது பழைய மரபு. சௌராவாசிகள் மந்திர வல்லமை உடையவர்கள் என்ற நம்பிக்கை இருந்தது; மரபை மீறினால் தீங்கு நேரும் என அஞ்சினர். எனவே ஓடம் வாங்குவதென்பது திறந்த கடலில் நெடும்பயணமும், விருந்தும், சடங்கும் சேர்ந்த பெருங்காரியமாயிற்று.

அதன் விலையைக் கேட்டால் நமக்கு வியப்பு மேலிடும். பழங்காலத்தில் அங்கே தேங்காயே விலையை அளக்கும் அளவையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட குறிப்பொன்றில், ஒரு பந்தய ஓடத்தின் விலை 35,000 தேங்காய் என்று காண்கிறோம். அத்தனை தேங்காயும் கைமாறவில்லை. பன்றி, சிவப்புத் துணி, அரிசி எனப் பல பொருள்கள் தேங்காய்க் கணக்கில் மதிப்பிடப்பட்டுக் கொடுக்கப்பட்டன. மீன் பிடிக்கச் சிற்றோடமே போதும். அவ்வாறிருக்க, துஹெட் எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் செல்வத்தைப் பந்தய ஓடத்திற்காக வாரி வழங்கினர் எனில், அதனை வெறும் மரமாக அவர்கள் எண்ணவில்லை என்பது தெளிவு.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில், கார் நிக்கோபாரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் நமக்கு அறிமுகமானார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சியில் எந்தப் பந்தயம் காட்டினாலும் நின்று பார்ப்பார். குதிரையாயினும், மிதிவண்டியாயினும், படகாயினும் அவருக்கு ஒன்றே. காரணம் கேட்டோம். "சார், நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் துஹெட்டுக்கு ஓர் ஓடம் இருந்தது" என்று தொடங்கினார்.

வெயிலில் மரம் வெடித்துவிடாதபடி அதனைத் தென்னங்கீற்றால் மூடி வைப்பது சிறுவர்களின் வேலையாம். அதன் பக்கத்தில் இருந்த ஒரு கணு தம் விரலுக்குப் பழகிய கதையைச் சொன்னார். ஒரு பந்தயத்தில் அது துடுப்பின் நீளமே பின்தங்கித் தோற்றதாம். வென்ற ஊரின் ஓடத்தைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. தோற்றுத் திரும்பிய தம் ஓடத்தின் மணலைக் கழுவியதை மட்டும் நெடுநேரம் விவரித்தார். யாரும் பணம் வைத்ததாக அவர் பேச்சில் வரவேயில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இத்தீவுக் கூட்டத்தில் ஏறத்தாழ 3,500 உயிர்களைக் கொண்டது. கார் நிக்கோபாரின் கரையோர ஊர்கள் அழிந்தன. சௌராவின் மக்கள் சில காலம் தெரசா தீவிற்குக் குடிபெயர்க்கப்பட்டனர். ஊர்களோடு ஓடங்களும் போயின. அன்று போர்ட் பிளேயரில் இருந்த அம்முதியவர், செய்தி வரத் தொடங்கியதும் உறவினர் ஒவ்வொருவரையும் பற்றி விசாரித்தாராம். பல நாள் கழித்தே ஓடத்தைப் பற்றிக் கேட்டாராம். "மனிதர்கள் போயிருக்கும்போது மரத்தைப் பற்றிக் கேட்டோமே என்று வெட்கப்பட்டேன்" என்றார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நாம் கூறினோம். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கார் நிக்கோபாரில் ஓடப் பந்தயங்கள் மீண்டும் நடந்து வருகின்றன. கோப்பையும் பரிசும் விழாவுக்கு அழகு சேர்க்கும். ஆயினும் ஒரு சிறுவனைப் பந்தயத்தோடு பிணைப்பவை அவையல்ல. அவன் கைபட்டுப் பழகிய ஓடம் ஒன்று கரையில் இருத்தல் வேண்டும்; கீற்று முடைந்து அதனை மூடும் பொறுப்பு அவனுக்குத் தரப்படுதல் வேண்டும். அந்த ஓடம் வெல்லலாம், தோற்கலாம். முதுமையிலும் அவன் எங்கேனும் ஒரு பந்தயத்தைக் கண்டால், நின்று பார்த்துவிட்டே செல்வான்.