கன்சாஸின் பதினோரு ஆண்டுகள்: ஓர் அணி சரிந்த கதை

2008 ஜனவரி 3 ஆம் திகதி இரவு, மயாமியில் நடைபெற்ற ஒரேஞ்ச் பௌல் ஆட்டத்தில் கன்சாஸ் பல்கலைக்கழக அணி வேர்ஜீனியா டெக் அணியை 24-21 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அந்தப் பருவத்தில் பதின்மூன்று ஆட்டங்களில் ஆடி ஒன்றில் மாத்திரமே தோற்றிருந்த கன்சாஸ், நாட்டின் தரவரிசையில் ஏழாம் இடத்தைப் பிடித்தது. அதன் பயிற்றுவிப்பாளர் மார்க் மஞ்சினோ அவ்வாண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளருக்கான தேசிய விருதுகளை அள்ளிச் சென்றார். அதற்குப் பின் ஏழே ஆண்டுகளில், 2015 இல், அதே அணி பன்னிரண்டு ஆட்டங்களில் ஆடிப் பன்னிரண்டிலும் தோற்றது.

எமக்குப் பழக்கமான உதைபந்தாட்டத்தைப் பற்றியதல்ல இக்கட்டுரை. தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஃபுட்போல் பற்றியது. அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் நன்கறிவர்: அங்கே பல்கலைக்கழக ஃபுட்போல் என்பது மாணவர்களின் மாலை நேர விளையாட்டு அன்று. பல மாநிலங்களில் அரச ஊழியர் அனைவரிலும் கூடிய சம்பளம் பெறுபவர் ஆளுநர் அல்லர், பல்கலைக்கழகத்தின் ஃபுட்போல் பயிற்றுவிப்பாளரே. ஏனைய விளையாட்டுகளுக்கான செலவையும் பெரும்பாலும் ஃபுட்போலின் தொலைக்காட்சி வருமானமே தாங்குகிறது. ஆகவே ஒரு பயிற்றுவிப்பாளரின் தவறு மைதானத்தோடு நின்றுவிடுவதில்லை.

கன்சாஸ் பல்கலைக்கழகம் லோரன்ஸ் என்ற சிறு நகரில் 1865 இல் நிறுவப்பட்டது. உலகம் முழுதும் அது அறியப்படுவது கூடைப்பந்தாட்டத்தால். அந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898 இல் அங்கு வந்து அதன் முதல் பயிற்றுவிப்பாளரானார். (கன்சாஸ் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்களில் வெற்றிகளைவிடத் தோல்விகள் கூடியவர் அவர் ஒருவரே என்பது வரலாற்றின் குறும்பு!) ஃபுட்போல் அங்கு எப்போதும் இரண்டாம் பிள்ளைதான். அந்த இரண்டாம் பிள்ளையை 2002 இல் பொறுப்பேற்றவர் மஞ்சினோ. 2000 ஆம் ஆண்டில் தேசிய வாகை சூடிய ஒக்லஹோமா அணியின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் அவர். முதல் ஆண்டில் இரண்டே வெற்றிகள். பெரிய பல்கலைக்கழகங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இளைஞர்களைத் தேடிப் பிடித்து, சில ஆண்டுகள் பொறுமையாக வளர்த்து ஆட வைப்பதே அவருடைய முறை. 2007 இன் நாயகனான குவாட்டர்பேக் டொட் ரீசிங், உயரம் போதாதென்று டெக்சாஸின் பெரிய அணிகள் கண்டுகொள்ளாத ஒருவர். அவரைக் கொண்டுதான் அவ்வாண்டு நவம்பரில் நெப்ராஸ்காவுக்கு எதிராக 76 புள்ளிகளைக் குவித்தது கன்சாஸ்.

ஆனால் அந்தக் கட்டடத்தின் அத்திவாரத்தில் ஒரு விரிசல் இருந்தது. 2009 பருவத்தில் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்ற அணி, அடுத்த ஏழையும் தொடர்ச்சியாகத் தோற்றது. நவம்பரில், மஞ்சினோ வீரர்களை நடத்திய விதம் குறித்துப் பல்கலைக்கழகம் உள்விசாரணையைத் தொடங்கியது. வீரர்களின் குடும்பத் துயரங்களை, குடிக்கு அடிமையானவர்களையும் கூட, எடுத்துச் சொல்லி அவர் இழிவுபடுத்தினார் என்று முன்னாள் வீரர்கள் பத்திரிகைகளிடம் கூறினர். தான் வரம்பு மீறவில்லை என்பது மஞ்சினோவின் நிலைப்பாடு. அவருக்காகப் பேசிய வீரர்களும் இருந்தனர். டிசம்பர் 3 ஆம் திகதி அவர் பதவி விலகினார். இணக்கத் தொகையாக 3 மில்லியன் டொலர் வழங்கப்பட்டது.

மஞ்சினோவை அனுப்பியதுதான் கன்சாஸின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று இன்றும் சொல்வோர் உண்டு. நான் அதனை ஏற்பதில்லை. பதினெட்டு வயது இளைஞனின் வீட்டுத் துயரை ஆயுதமாக்கும் ஒருவரைப் பல்கலைக்கழகம் வெற்றிக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்றால், அது பல்கலைக்கழகம் என்ற பெயரை விட்டுவிடலாம். தவறு அவரை அனுப்பியதில் அன்று, அதற்கு அடுத்துச் செய்ததில் இருக்கிறது. விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் லூ பேர்கின்ஸ், மஞ்சினோவுக்கு எல்லா வகையிலும் நேரெதிரான ஒருவரைத் தேடினார். டேர்னர் கில் கிடைத்தார். நெப்ராஸ்காவின் முன்னாள் குவாட்டர்பேக், பண்பாளர், பயிற்சியில் வசைச்சொற்களைத் தடை செய்தவர். பஃபலோ பல்கலைக்கழகத்தின் நலிந்த அணியை 2008 இல் அதன் பிரிவில் வாகையராக்கியவர். ஐந்து ஆண்டுகளுக்கு 10 மில்லியன் டொலர் என்று ஒப்பந்தமாயிற்று.

காய்ச்சலுக்குப் பனிக்கட்டி மருந்தாகாது. 2010 செப்டெம்பர் 4 ஆம் திகதி, கில்லின் முதல் ஆட்டத்திலேயே, ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த நோர்த் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் சொந்த மைதானத்தில் 6-3 என்று கன்சாஸ் தோற்றது. அடுத்த வாரமே ஜோர்ஜியா டெக் அணியை வென்றது வியப்பு. அத்தகைய மின்னல்கள் அபூர்வமாகவே வந்தன. 2011 இல் முதலிரு ஆட்டங்களை வென்று, பின் பத்தையும் வரிசையாகத் தோற்றார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இரண்டாண்டுகள் முடிந்த நிலையில் கில் நீக்கப்பட்டார். எஞ்சிய காலத்துக்காகச் சுமார் 6 மில்லியன் டொலர் அவருக்குச் சேர்ந்தது.

கில்லைத் தேர்ந்த பேர்கின்ஸ் அப்போது அங்கு இல்லை. அவருக்குக் கீழ்ப் பணியாற்றியோர் ஆட்ட நுழைவுச்சீட்டுகளைத் திருடி விற்ற ஊழல் 2010 இல் அம்பலமானது. அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் வெளியேறினார். ஊழல் செய்தோர் சிலர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். அதே 2010 கோடையில்தான் நெப்ராஸ்காவும் கொலராடோவும் பிக் 12 கூட்டமைப்பை விட்டு விலக முடிவெடுத்தன. கூட்டமைப்பே கலையும் என்ற நிலை வந்தபோது கன்சாஸுக்கு ஓர் உண்மை உறைத்தது: நூறாண்டுக் கூடைப்பந்தாட்டப் புகழுக்குச் சந்தையில் மதிப்பில்லை, தொலைக்காட்சி நிறுவனங்கள் பார்ப்பது ஃபுட்போலை. 2012 இல் மிசூரியும் வேறு கூட்டமைப்புக்குப் போனது. 1891 முதல் நடந்து வந்த கன்சாஸ்-மிசூரி ஃபுட்போல் போட்டி அத்துடன் நின்று, 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது.

இந்த அச்சத்தில்தான் புதிய பணிப்பாளர் ஷேஹன் செங்கர் பெரிய பெயர் ஒன்றைத் தேடினார் என்று கருதுகிறேன். சார்லி வைஸ், தொழில்முறை ஃபுட்போலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியுடன் மூன்று சுப்பர் பௌல் வெற்றிகளில் பங்கு கொண்டவர். ஆனால் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுகள் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்து 2009 இல் நீக்கப்பட்டவர். கன்சாஸ் அவருக்கு ஆண்டுக்கு 2.5 மில்லியன் டொலர் கொடுத்த அதே காலத்தில், வேலை செய்யாமல் இருப்பதற்காக நோட்டர் டேமும் அவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது!

கன்சாஸுக்கு மெய்யாகவே பாதகம் விளைந்தது இவருடைய காலத்தில். தோல்விக் கணக்கு மட்டும் பார்த்தால் அது விளங்காது. வைஸ் தொடக்கத்திலேயே இருபத்தொன்பது வீரர்களை அணியிலிருந்து விலக்கினார். ஒழுங்கும் கல்வியும் காரணமாகச் சொல்லப்பட்டன. சில சந்தர்ப்பங்களில் அது நியாயமாகவும் இருந்திருக்கலாம். வெற்றிடத்தை நிரப்ப அவர் பள்ளிகளிலிருந்து இளைஞர்களை எடுத்து வளர்க்கவில்லை. வேறு பல்கலைக்கழகங்களில் இடமிழந்த டெய்ன் கிறிஸ்ட், ஜேக் ஹீப்ஸ் போன்ற குவாட்டர்பேக்குகளையும், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளிலிருந்து ஏராளமானோரையும் கொண்டுவந்தார். நாளைய விதைநெல்லை இன்றே குற்றிச் சோறாக்கும் வேலை அது. ஜூனியர் கல்லூரியிலிருந்து வருபவனுக்கு எஞ்சியிருப்பது இரண்டு, கூடினால் மூன்று ஆண்டுகள். சிலர் கல்வித் தகைமை போதாமல் வந்து சேரவே இல்லை. சிலர் இடையில் விலகினர்.

அக்காலத்தில் ஓர் அணி 85 வீரர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்கலாம். ஆனால் ஓராண்டில் புதிதாகச் சேர்க்கக்கூடியோர் 25 பேர் மாத்திரமே. கன்சாஸில் புலமைப்பரிசில் பெற்ற வீரர் தொகை 85 க்கு வெகு கீழே சரிந்தது. ஆண்டுக்கு 25 என்ற வாசல் வழியாக அந்தப் பள்ளத்தை நிரப்ப எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம், ஒவ்வோர் ஆண்டும் பட்டம் பெற்று வெளியேறுவோரையும் மறந்துவிடாமல். மோசமான பயிற்றுவிப்பாளர் ஓர் ஆட்டத்தைத் தோற்கிறார். வைஸ் தனக்குப் பின் வரவிருந்தவரின் ஆட்டங்களையும் தோற்றுவிட்டுப் போனார்.

2013 கோடையில், ஊடகவியலாளர் முன்னிலையில், தன் அணியையே கழிவுக் குவியல் என்று பொருள்படும் சொல்லால் அவர் வர்ணித்தார். வந்தால் உடனே ஆட இடம் கிடைக்கும் என்று புதியவர்களுக்குக் காட்டுவதற்காகச் சொன்னது அது. ஏற்கெனவே அந்தச் சீருடையை அணிந்து வியர்வை சிந்திக்கொண்டிருந்த மாணவர்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள்? 2014 செப்டெம்பர் இறுதியில், நான்கே ஆட்டங்களுக்குப் பின், அவர் நீக்கப்பட்டார். 28 ஆட்டங்களில் ஆறு வெற்றி. மீதிச் சம்பளம் 5.6 மில்லியன் டொலர்.

அடுத்து வந்த டேவிட் பீட்டி, மஞ்சினோ காலத்தில் உதவியாளராக இருந்தவர். முன்பு எப்போதும் ஒரு பல்கலைக்கழக அணிக்குத் தலைமை தாங்கியிராதவர். முதலாண்டில் பன்னிரண்டு தோல்விகள், இரண்டாமாண்டில் பத்து, மூன்றாமாண்டில் பதினொன்று. 2016 நவம்பர் 19 இல் டெக்சாஸை மேலதிக நேரத்தில் 24-21 என்று வென்றது மட்டும் விதிவிலக்கு. டெக்சாஸைக் கன்சாஸ் அதற்குமுன் வென்றது 1938 இல். தோற்ற டெக்சாஸ் அடுத்த வாரமே தன் பயிற்றுவிப்பாளரை அனுப்பிவிட்டது. கன்சாஸிடம் தோற்பது ஒருவரின் வேலையைப் பறிக்கும் அளவுக்கு அவமானமாகிவிட்டிருந்தது. 2009 செப்டெம்பரில் எல் பாஸோவில் வென்ற பின், எதிரணி மைதானங்களில் தொடர்ச்சியாக 46 தோல்விகள். அந்தச் சங்கிலி அறுந்தது 2018 செப்டெம்பரில். ஆனாலும் பருவ முடிவில் பீட்டியும் போனார். அவருக்குரிய 3 மில்லியன் டொலரைப் பல்கலைக்கழகம் நிறுத்திவைக்க, வழக்குத் தொடர்ந்து, 2020 இல் 2.55 மில்லியனுக்கு இணங்கினார்.

செங்கருக்குப் பதில் 2018 இல் வந்த பணிப்பாளர் ஜெஃப் லோங், தனது பழைய நண்பர் லெஸ் மைல்ஸை அழைத்தார். கன்சாஸ் ஒரேஞ்ச் பௌலை வென்ற அதே பருவத்தில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் தேசிய வாகை சூடியவர் மைல்ஸ். 2019 இல் மூன்று வெற்றி. 2020 இல் ஒன்பதுக்கு ஒன்பதும் தோல்வி. 2021 மார்ச்சில், லூயிசியானாவில் பெண் மாணவ ஊழியர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் குறித்த 2013 ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். கன்சாஸ் சில நாட்களில் அவரை அனுப்பிவைத்தது, 2 மில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவான தொகையுடன். லோங்கும் பின்தொடர்ந்தார்.

2010 முதல் 2020 வரை பதினோரு பருவங்களில் 21 வெற்றி, 108 தோல்வி. மஞ்சினோ தொடக்கம் மைல்ஸ் வரை, வெளியேறுவதற்காக மட்டும் கொடுத்த தொகைகளைக் கூட்டினால் சுமார் 19 மில்லியன் டொலர். முரடருக்குப் பின் மென்மையானவர், பின் புகழ்பெற்றவர், பின் புதியவர், பின் ஓய்வுபெற்ற பெரியவர். ஒவ்வொரு முறையும் போனவரின் குறையைப் பார்த்தே வருபவரைத் தேர்ந்தார்கள்.

2021 ஏப்ரல் 30 ஆம் திகதி நியமிக்கப்பட்ட லான்ஸ் லைபோல்ட், வேடிக்கை என்னவென்றால், கில் வந்த அதே பஃபலோவிலிருந்து வந்தவர். விஸ்கொன்சின்-வைட்வோட்டர் என்ற சிறு கல்லூரியுடன் ஆறு முறை மூன்றாம் பிரிவுத் தேசிய வாகை சூடியவர். அங்கிருந்தே தன்னோடிருந்த உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வசந்தகாலப் பயிற்சி முடிந்திருந்தது. புதியவர்களைச் சேர்க்கக் காலமில்லை. இருந்தவர்களைக் கொண்டே தொடங்கினார். வீரர்கள் ஓராண்டு காத்திராமல் பல்கலைக்கழகம் மாறலாம் என்ற புதிய விதி அவருக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பீட்டிக்கு அந்த வசதி இருக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 13 இல், ஒஸ்டின் நகரில், டெக்சாஸுக்கு எதிரான ஆட்டம் மேலதிக நேரத்துக்குச் சென்றது. ஒரு புள்ளியால் பின்தங்கியிருந்த கன்சாஸ், சமநிலைக்காக உதைக்காமல் இரண்டு புள்ளிகளுக்கு முயன்றது. பந்தைப் பிடித்து 57-56 என்று வெற்றியைத் தந்தவர் ஜாரெட் கேசி. கன்சாஸின் ப்ளேன்வில் என்ற சிற்றூர்க்காரர். புலமைப்பரிசில் ஏதுமின்றி அணியில் சேர்ந்திருந்தவர். 2008 ஒக்டோபருக்குப் பின், கூட்டமைப்பு அணி ஒன்றின் மைதானத்தில் கன்சாஸ் பெற்ற முதல் வெற்றி அது. இடையில் 56 தோல்விகள். 2023 ஒக்டோபரில் ஒக்லஹோமாவையும் லோரன்ஸில் 38-33 என்று வென்றபோது, மாணவர்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கிச் சுமந்துபோய்ப் பல்கலைக்கழக வளவிலுள்ள பொட்டர் ஏரியில் போட்டார்கள்.