மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி: பழுதும் பழுதுநீக்கமும்

மார்ட்டினி-ஹென்றி என்பது 1871 ஆம் ஆண்டு பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட, நெம்புகோலால் இயங்கும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது இந்தியாவிலும் பயன்பட்டது. பழுது தெரியும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் வேறாக இருக்கலாம் என்பதற்கு இத்துப்பாக்கியின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

அமைப்பு

அமெரிக்கரான ஹென்றி பீபாடி 1862 இல் காப்புரிமை பெற்ற அமைப்பை, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய பிரெட்ரிக் வான் மார்ட்டினி மேம்படுத்தினார். குழலின் உட்புறப் புரிகளை எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி வடிவமைத்தார். இவ்விருவர் பெயரையும் துப்பாக்கி பெற்றது.

பிடியின் கீழுள்ள நெம்புகோலை அழுத்தினால், குழலின் பின்புறத்தை மூடியிருக்கும் எஃகு அடைப்பு கீழிறங்கும். அதே அசைவில் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தள்ளப்படும். சுடும் ஊசியும் சுருள்வில்லும் அடுத்த வேட்டுக்கு ஆயத்தமாகும். வீரர் புதிய தோட்டாவைக் கையால் இட்டு நெம்புகோலை உயர்த்துவார்.

இந்தியாவில்

1857 எழுச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரித்தானிய வீரர்களின் ஆயுதத்தைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதம் தருவதே பொது வழக்கமாக இருந்தது. பிரித்தானிய வீரர்கள் மார்ட்டினி-ஹென்றி ஏந்தியபோது சிப்பாய்களிடம் சினைடர் துப்பாக்கி இருந்தது. பிரித்தானியர் லீ-மெட்போர்டுக்கு மாறிய காலத்தில்தான் சிப்பாய்களிடம் மார்ட்டினி-ஹென்றி பரவலானது.

சிக்கிய தோட்டா

தொடக்ககாலத் தோட்டாவின் கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இரும்பு அடித்தட்டில் பொருத்தியது. தொடர்ந்து சுட்டுச் சூடேறிய குழலில் கரிமருந்தின் கசடும் மணலும் சேர, மென்மையான கூடு உள்ளே ஒட்டிக்கொண்டது. நெம்புகோலை இழுத்தால் அடித்தட்டு மட்டும் கிழிந்து வந்தது. 1885 சனவரி 17 அன்று சூடானின் அபு கிளியா சண்டையில், எதிரி நெருங்கிய வேளையில் பல துப்பாக்கிகள் இவ்வாறு சிக்கின.

பழுது நெம்புகோலில் தெரிந்தாலும், முதன்மைக் காரணம் தோட்டாவில் இருந்தது. எனவே ஒரே துண்டாக இழுத்து உருவாக்கிய கெட்டியான பித்தளைக் கூடு புழக்கத்துக்கு வந்தது. பின்வந்த நான்காம் வகைத் துப்பாக்கியில், கூட்டை வெளியேற்றும் விசை கூடுமாறு நெம்புகோல் நீளமாக்கப்பட்டது.

பழுதுநீக்கிய பின்

பிரித்தானியத் தொழிற்சாலைகள் பாகங்களை ஒரே அளவில் செய்தன. நேபாளத்தில் தளபதி ககேந்திர சம்சேர் வடிவமைத்த ககேந்திரா துப்பாக்கியோ கைவேலைப்பாட்டில் உருவானது. வெளித்தோற்றத்தில் மார்ட்டினியைப் போல இருந்தாலும், அதன் உள்ளமைப்பு வேறு. ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொன்றில் அப்படியே பொருந்துவதில்லை. பாகத்தை மாற்றிய பின் நெம்புகோல் முழுதாக மூடாமல் நிற்பதும், ஊசி சரியான இடத்தில் படாமல் வேட்டு தவறுவதும் இத்தகைய பொருத்தமின்மையால் நேரக்கூடியவை. புதிய பாகம் குறையற்றதாகவே இருக்கலாம். தேய்ந்த பழைய பாகங்களோடு அது ஒத்துப்போக வேண்டும்.

திருப்பூரின் பின்னல் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். ஊசியை மாற்றிய பின்னும் துணியில் ஓட்டை விழுந்தால், நூலையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

சட்ட நிலை

இயந்திர உதிரிபாகம் கடையும் லேத் பட்டறையில் துப்பாக்கியைப் பழுது பார்த்துவிட முடியாது. தொழிலாகத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்க 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதங்களுக்கு அச்சட்டத்தின் 45 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுடப் பயன்படாத நிலையில் அவை இருக்க வேண்டும். ஆகவே பாட்டனார் காலத்துத் துப்பாக்கி வீட்டில் கிடைத்தால், அதை இயக்கிப் பார்க்காமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதே பாதுகாப்பானது. துருப்பிடித்த குழலுக்குள் பழைய தோட்டா இன்னும் இருக்கக்கூடும்.