விருங்கா மலையில் கொரில்லா தேடி

1902இல் ஜெர்மன் ராணுவ அதிகாரி ராபர்ட் ஃபான் பெரிங்கே, ஆப்பிரிக்காவின் விருங்கா எரிமலைத் தொடரின் சபின்யோ மலையில் இரண்டு கொரில்லாக்களைச் சுட்டார். ஐரோப்பிய விஞ்ஞானம் மலைக் கொரில்லாவை அறிந்தது அப்படித்தான். அதன் விலங்கியல் பெயரில் இன்றும் இருப்பது சுட்டவரின் பெயர். வேதனையான தொடக்கம்.

1921இல் வந்த அமெரிக்கர் கார்ல் ஏக்லியும் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காகக் கொரில்லாக்களைக் கொன்றவர்தான். ஆனால் அப்பகுதியை அப்போது ஆண்ட பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டிடம் சரணாலயம் கேட்டு மன்றாடியவரும் அவரே. 1925இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. மறு ஆண்டே அவர் மிகேனோ மலைச்சரிவில் இறந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார்.

1960களின் இறுதியில் ருவாண்டா, பூச்சிமருந்துக்கான பைரித்ரம் பூ பயிரிடப் தன் எல்லைக்குள் இருந்த பூங்காவில் ஒரு பெரிய பகுதியை வெட்டிக் கொடுத்தது. அதே சமயத்தில், 1967இல், அமெரிக்க ஆய்வாளர் டயன் ஃபாஸி அங்கே கரிசோகே என்ற முகாமை அமைத்தார். மூக்கின் மேலுள்ள சுருக்கங்களை வரைந்து வைத்து ஒவ்வொரு கொரில்லாவையும் அடையாளம் கண்டார். 1985இல் அவர் கொலையுண்டார்.

சுற்றுலாப் பயணிகளை மலையேற விட்டதுதான் கொரில்லாவைக் காத்தது என்றே சொல்ல வேண்டும். விடியலிலேயே தடம் பார்ப்பவர்கள் கிளம்பி, முந்தைய இரவு கொரில்லாக்கள் இலைதழை மடக்கிப் படுத்த இடத்தையும் புதுச் சாணத்தையும் தேடுவார்கள். பின்னால், மூங்கில் காட்டையும் உடையைத் துளைத்துக் கடிக்கும் காஞ்சொறிப் புதரையும் தாண்டி எட்டுப் பயணிகள். பார்க்க ஒரு மணி நேரம். ருவாண்டாவில் கட்டணம் 1,500 டாலர். பூங்கா வருவாயில் 10 சதவீதம் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. முன்பு கண்ணி வைத்தவர்களில் சிலர் இன்று பயணிகளின் மூட்டை சுமக்கிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் விருங்காவில் எஞ்சியவை சுமார் 250. 2018இல் வெளியான கணக்கெடுப்பு முடிவில் 604.