குப்பாவைச் சுற்றி ஒரு நகரம்: சுலைமானிய்யா பள்ளிவாசலின் வரலாறு

 

 

ஒரு பள்ளிவாசலின் பெருமையை நாம் எதைக் கொண்டு அளக்கின்றோம்? மினாராவின் உயரத்தைக் கொண்டா, தரையில் பதித்த பளிங்கைக் கொண்டா, அல்லது அதன் நிழலில் பசி தீர்ந்தோர், கல்வி கற்றோர், நோய் நீங்கியோர் ஆகியோரைக் கொண்டா? இவ்வினாவுக்கு விடை தேட, இஸ்தான்பூல் நகரின் மூன்றாம் குன்றின் மீது, பொற்கொம்புக் கடற்கழியை நோக்கி நிற்கும் சுலைமானிய்யா பள்ளிவாசலின் வரலாற்றை இன்று சற்று நோக்குவோம்.

உஸ்மானியப் பேரரசின் பத்தாவது சுல்தானாகிய சுலைமான் 1520 முதல் 1566 வரை ஆட்சி புரிந்தார். சட்டங்களை ஒழுங்குபடுத்தியமையால் மக்கள் அவரை ‘கானூனி’ என அழைத்தனர். அவருடைய கட்டளைப்படி, ஹிஜ்ரி 957இல், அதாவது 1550இல், இப்பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மிஹ்ராபின் அடிக்கல்லை ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தி அவர்கள் வைத்தார்கள். ஏழு ஆண்டுகளின் பின் 1557இல் அது தொழுகைக்காகத் திறக்கப்பட்டது.

இப்பணியை நிறைவேற்றிய கட்டடக் கலைஞர் மிஃமார் ஸினான் ஆவார். அனதோலியாவின் கைஸரி நகருக்கு அருகிலுள்ள கிராமமொன்றின் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், அக்காலத்து வழமைப்படி இளமையிலேயே அரச பணிக்கெனத் திரட்டப்பட்டு, படைவீரராகவும் தச்சராகவும் பயிற்சி பெற்றார். படையெடுப்புகளின்போது பாலங்கள் அமைத்த அனுபவமே அவரது முதற் பாடசாலையாக இருந்தது. 1538இல் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான அவர், 1588இல் மரணிக்கும்வரை அப்பதவியை வகித்தார். ஷஹ்ஸாதே பள்ளிவாசலைத் தமது மாணவப் பருவத்து வேலை என்றும், சுலைமானிய்யாவைத் தேர்ந்த தொழிலாளியின் வேலை என்றும், எதிர்னேயிலுள்ள ஸலீமிய்யாவையே தமது முதிர்ந்த வேலை என்றும் அவர் கருதியதாகக் கூறப்படுகிறது. அறுபது வயதை அணுகிய நிலையிலும் தம்மை இன்னும் கற்பவராகவே எண்ணிய அப்பணிவை எமது வாலிபர்கள் கவனிக்க வேண்டும்.

பள்ளிவாசலின் நடுக்குப்பா ஏறத்தாழ 26.5 மீற்றர் விட்டமும், தரையிலிருந்து ஏறத்தாழ 53 மீற்றர் உயரமும் உடையது. உயரம் விட்டத்தின் இரு மடங்காக அமைந்துள்ளது. நான்கு பெருந்தூண்கள் அதனைத் தாங்குகின்றன. கிப்லாத் திசையிலும் அதற்கு எதிர்த் திசையிலும் இரு அரைக்குப்பாக்கள் அதன் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த அமைப்பை ஸினான் பழைய அயாசோபியாவிலிருந்தே கற்றார். ஆயினும் அதனை அவ்வாறே பின்பற்றவில்லை. சுவர்களைத் தாங்கும் பெரும் முட்டுக்கட்டுகளை மண்டபங்களுக்குள்ளும் தாழ்வாரங்களுக்குள்ளும் மறைத்தார். ஆகவே உள்ளே நிற்பவருக்குப் பாரம் தெரிவதில்லை. வெளிச்சமும் விசாலமுமே தெரிகின்றன. முற்றத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு மினாராக்கள் எழுகின்றன. உயர்ந்த இரண்டிற்கு மூன்று மூன்று மாடங்களும், ஏனைய இரண்டிற்கு இரண்டிரண்டு மாடங்களுமாக, அதான் சொல்வதற்கான மாடங்கள் பத்து உள்ளன.

மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் எண்ணெய் விளக்குகளின் புகை சுவர்களைக் கறுப்பாக்கும் அபாயம் இருந்தது. ஸினான் காற்றின் போக்கைக் கணித்து, பிரதான வாயிலின் மேலிருந்த ஓர் அறைக்குள் அப்புகை சென்று சேருமாறு அமைத்தார். அங்கு படிந்த கரியைச் சேகரித்து எழுதுவதற்கான மை தயாரித்தனர். பள்ளிவாசலுக்கு ஒளி கொடுத்த விளக்கின் கரியும் வீணாகாமல் எழுத்தாக மாறியது.

எனினும் நேயர்களே, சுலைமானிய்யாவின் உண்மையான பெருமை இந்தக் குப்பாவோடு முடிவதில்லை. அதனைச் சுற்றி எழுந்தது ஒரு சிறு நகரமாகும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என எளிமையாகப் பெயர் பெற்ற நான்கு மத்ரஸாக்கள், ஹதீஸ் கலைக்கென ஓர் உயர் கல்விக்கூடம், மருத்துவக் கல்விக்கென ஒரு மத்ரஸா, அதனோடு இணைந்து இயங்கிய வைத்தியசாலை, சிறுவர்களுக்கான பாடசாலை, மாணவர்களுக்கும் ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் உணவு வழங்கிய சமையற்கூடம், விருந்தினர் இல்லம், பொதுக் குளியலறை என அனைத்தும் அங்கு இருந்தன. வழிப்பயணிகளை உஸ்மானிய வழமைப்படி மூன்று நாட்கள்வரை உபசரித்தனர்.

இவற்றை நடாத்துவதற்கான பணம் எங்கிருந்து வந்தது? வக்ஃப் என்னும் ஏற்பாட்டிலிருந்தே வந்தது. கிராமங்களின் வருமானமும், கடைகளின் வாடகையும் இப்பணிகளுக்கென நிரந்தரமாக ஒதுக்கப்பட்டன. மத்ரஸாக்களின் கீழ்ப்பகுதியிலேயே கடைவரிசை ஒன்று அமைக்கப்பட்டது. கட்டியவர் மறைந்த பின்னரும் அடுப்பு அணையாதிருக்க வேண்டும் என்ற முன்யோசனையே அது. ஸதகத்துல் ஜாரியா எனும் நிலையான தர்மத்தின் செயல்வடிவம் இதுவாகும். எமது நாட்டிலும் பள்ளிவாசல்களும் வக்ஃபுச் சொத்துகளும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுகின்றன. ஆதலால் வக்ஃப் என்பது எமக்கு அந்நியமான சொல் அன்று.

இப்பள்ளிவாசலின் கட்டட வேலைக்குரிய கணக்கேடுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. கல்லுக்கும் ஈயத்துக்கும் மரத்துக்கும் செலவான தொகைகளோடு, தொழிலாளர்களின் கூலியும் அவற்றில் பதியப்பட்டுள்ளது. கைவினைஞர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் கிறிஸ்தவர்கள். மற்றைய அரைவாசியினர் முஸ்லிம்கள். வேலைநாட்களில் பாதிக்குச் சற்று அதிகமானவை கூலி பெற்ற சுதந்திரத் தொழிலாளர்களுடையவை. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, படைக்கெனத் திரட்டப்பட்ட இளைஞர்களின் உழைப்பாகும். எஞ்சிய சிறு பங்கு, கப்பல்களில் துடுப்பு வலித்த அடிமைகளின் உழைப்பாகும். புகழுக்குரிய பக்கத்தை மாத்திரம் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது அறிவுக்கு அழகல்ல.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூறவேண்டியுள்ளது. இப்பள்ளிவாசலின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த 1553ஆம் ஆண்டில், சுல்தான் சுலைமான் தமது மூத்த மகன் முஸ்தபாவை, தமக்கு எதிராகச் சதி செய்ததாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டின் பேரில், படைமுகாமிலேயே கொல்லச் செய்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1543இல், மற்றொரு மகனான மெஹ்மத் மரணித்தபோது, அவரது நினைவாகவே ஷஹ்ஸாதே பள்ளிவாசலைக் கட்டினார். ஒரு மகனுக்காக அழுத தந்தையே மறுமகனின் கழுத்துக்குக் கயிறு அனுப்பினார். பிறர் பிள்ளைகள் ஓதுவதற்குப் பாடசாலையும் மத்ரஸாக்களும் எழுப்பியவரின் சொந்த வீட்டில், தந்தைக்கும் மகனுக்கும் இடையில் நம்பிக்கை அழிந்திருந்தது.

பெற்றோர்களே! இச்சம்பவத்தை அரச குடும்பத்துக் கதையென்று மாத்திரம் கேட்டு விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் வாளும் பதவியும் இருந்தன. எமது வீடுகளில் அவை இல்லை. ஆயினும் அவதூறுக்குச் செவி கொடுத்து, விசாரியாது தீர்ப்பளிக்கும் தந்தையர் எமது வீடுகளிலும் உள்ளனர். மகனிடம் நேரில் கேட்க வேண்டியதை மூன்றாமவரிடம் கேட்டு முடிவெடுப்போரும் உள்ளனர். வாலிபர்களே! தந்தையின் ஐயத்தைத் தீர்க்கும் வகையில் பேசாது, மௌனமாக விலகி நிற்பதும் அந்த இடைவெளியை அகலமாக்கவே செய்யும். பள்ளிவாசலுக்குச் செய்யும் சேவை, வீட்டிலுள்ளோருக்குச் செய்ய வேண்டிய நீதிக்கு ஈடாகாது.

1660இல் தீ இப்பள்ளிவாசலைச் சேதப்படுத்தியது. 1766இல் நிலநடுக்கத்தினால் குப்பாவின் ஒரு பகுதி இடிந்தது. முதலாம் உலக யுத்தத்தின்போது முற்றம் ஆயுதக் களஞ்சியமாகப் பயன்படுத்தப்பட்டதால் அங்கும் தீ மூண்டது. ஒவ்வொரு முறையும் அது பழுதுபார்க்கப்பட்டது. 1985இல் இஸ்தான்பூலின் வரலாற்றுப் பகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. பழைய மத்ரஸாக் கட்டடங்களில் 1918இல் அமைந்த நூலகம், உலகின் மிகப்பெரும் இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிச் சேகரிப்புகளில் ஒன்றாகத் திகழ்கிறது. ஓதுவதற்கென அமைக்கப்பட்ட கட்டடம், நூல்களைக் காக்கும் கட்டடமாக மாறி, அறிவுக்கு இன்றும் பணிபுரிகிறது.

சுல்தான் சுலைமானும் அவரது மனைவி ஹுர்ரம் சுல்தானும் பள்ளிவாசலின் பின்புறத்தில் அழகிய கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஸினானோ மதிலுக்கு வெளியே, வீதிகள் சந்திக்கும் மூலையொன்றில், தாமே வரைந்த சிறு கல்லறையில் உறங்குகிறார். அதன் முகப்பில், வழிப்போக்கர்களுக்கு நீர் வழங்கும் சிறு மண்டபமொன்று உள்ளது. இத்துணைப் பெரும் குப்பாவை எழுப்பியவர், தமது கபுறின் அருகில் வைத்தது தாகம் தீர்க்கும் நீரையே.

எமது பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர் சபைகளும், ஜமாஅத்தாரும் இதனைச் சிந்திக்கட்டும். அடுத்த முறை மினாராவை இன்னும் ஒரு மாடி உயர்த்துவதற்குப் பணம் திரட்டும்போது, அதற்கு முன்பாக மூன்று கேள்விகளைக் கேட்போம். ஊரில் பாடசாலையை விட்டு விலகிய வாலிபர் எத்தனை பேர்? இரவு பசியோடு உறங்கும் வீடுகள் எவை? பிள்ளைகள் அமைதியாக அமர்ந்து படிக்க ஓர் அறை உண்டா? இக்கேள்விகளுக்கு விடையளிக்கும் பள்ளிவாசல், குப்பா சிறியதாயினும் சுலைமானிய்யாவின் வழியில் நடப்பதாகும்.

வல்ல அல்லாஹ் எமது பள்ளிவாசல்களைப் பயனுள்ளவையாகவும், எமது வீடுகளை நீதியும் அன்பும் நிறைந்தவையாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.