மிதிவண்டியோட்டி நினைவுகூரல்

மிதிவண்டியோட்டி நினைவுகூரல் என்பது, சாலையில் மிதிவண்டி ஓட்டிச் செல்லும்போது பிற ஊர்தி மோதி உயிரிழந்தவரை, அவர் வீழ்ந்த இடத்தை முன்னிறுத்திப் பொருளாலும் சடங்காலும் ஊரார் நினைவில் நிறுத்தும் வழக்கத்தைக் குறிக்கும். கல்லறை உடல் அடங்கிய இடத்தைக் காட்டுவது. இவ்வகைச் சின்னமோ உயிர் பிரிந்த இடத்தைக் காட்டுவது. மேலைநாடுகளில் வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டியாகவும், பேச்சின்றிச் செல்லும் ஆண்டு ஊர்வலமாகவும் இது 2003ஆம் ஆண்டில் உருப்பெற்றது. தமிழகத்தில், நெய்வேலி போன்ற தொழில் நகரியங்களைச் சூழ்ந்த சாலைகளில், மின்கம்பத்தில் கட்டிய அஞ்சலிப் பதாகையாகவும் நாளிதழின் நினைவஞ்சலி விளம்பரமாகவும் மட்டுமே அது நிற்கிறது.

தமிழகத்துத் தொன்மை

இடத்தைச் சுட்டி இறந்தோரை நினைக்கும் வழக்கத்தை மேலைநாட்டு இறக்குமதி எனக் கொள்வது பிழையாகும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுப்பதை ஆறு நிலைகளாக வகுக்கிறது: தக்க கல்லைத் தேடிக் காணும் காட்சி, அதனைக் கொள்ளும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நாட்டும் நடுதல், பெயரும் பீடும் பொறித்துப் படையலிடும் பெரும்படை, இறுதியில் வாழ்த்து. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட ஒருவனுக்குரியது. அகநானூறு காட்டும் நடுகற்கள் பெரிதும் வழிநடைப் பாதையில் நிற்பன. எழுத்துத் தேய்ந்த நிலையில் வழிப்போக்கர் அவற்றைக் கடந்து செல்லும் காட்சி அந்நூலில் இடம்பெறுகிறது. ஆகவே நடுகல்லைப் போர்க்களச் சின்னமாக மட்டும் கருதுவது அதன் பாதியை மறப்பதாகும். அது பாதையோரச் சின்னமும் ஆகும்.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இங்குத் தனித்துக் குறிக்கத்தக்கது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுடன் அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருப்பதோடு, இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. காவல் நாயின் பெயரையும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் காத்துவரும் இம்மண்ணில், வேலைக்குச் செல்லும் வழியில் லாரி மோதி இறந்த தொழிலாளியின் பெயர் ஒரு நாள் செய்தியோடு முடிந்துபோவது வருந்தத்தக்கது.

நடுகல்லினும் நெருங்கிய முன்னோடி சுமைதாங்கிக் கல் ஆகும். செங்குத்தாக நட்ட இரு கற்களின்மேல் குறுக்காக ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையுடன் வருபவர் பிறர் கைத்தாங்கல் இன்றியே சுமையை அதன்மேல் நகர்த்தி இளைப்பாறுமாறு அமைக்கப்படும் இது, கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் எழுப்பப்படுவது. சுமை இறக்காமல் சென்றவளின் பொருட்டு வழிநடப்போரின் சுமையை இறக்கிவைப்பது இதன் கருத்து. துயரத்தை வழிப்போக்கர்க்குப் பயனாக மாற்றும் இந்த அமைப்புக்கு ஈடான ஒன்றை இற்றைச் சாலை நினைவுச் சின்னங்களுள் காண்பது அரிது.

ஊர்தியே சின்னமாதல்

இறந்தவரின் ஊர்தியே வழிபடுபொருளாவதற்கு இராசத்தான் சான்று தருகிறது. பாலி நகருக்கு அருகே 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்த ஓம் சிங் ராத்தோரின் புல்லட் மோட்டார் சைக்கிள், ஜோத்பூர் செல்லும் நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் நிறுத்தப்பட்டு, ஓம் பன்னா என்ற பெயரில் வழிபடப்படுகிறது. வண்டியோட்டிகள் அங்கு நின்று வணங்கிச் செல்கின்றனர்.

மிதிவண்டிக்குரிய வடிவம் அமெரிக்காவில் தோன்றியது. சான்பிரான்சிஸ்கோவில் கைவிடப்பட்ட மிதிவண்டிகளுக்கு வெள்ளை பூசிய ஓர் ஓவியரின் 2002ஆம் ஆண்டுப் பணி கலை நோக்குடையது. அதனைச் சாலை விபத்துடன் இணைத்தவர் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பாட்ரிக் வான் டெர் டுயின் ஆவார். மிதிவண்டித் தடத்தில் சென்றவர்மீது கார் மோதியதை 2003இல் நேரில் கண்ட அவர், வெள்ளை பூசிய வண்டி ஒன்றை, இங்கே மிதிவண்டியோட்டி மோதப்பட்டார் என்னும் பொருள்பட்ட அட்டையுடன் அவ்விடத்தில் நிறுத்தினார். ஆங்கிலத்தில் 'கோஸ்ட் பைக்' எனப்படும் இதனை ஆவி மிதிவண்டி என மொழிபெயர்ப்பாரும் உளர். ஆவி என்பது தமிழில் அச்சத்தை ஏற்றுவதால் வெள்ளை மிதிவண்டி என்பதே பொருந்தும். பழைய வண்டியின் செயின், பிரேக்குக் கம்பி, கைப்பிடி உறை ஆகியவற்றைக் கழற்றி, எவரும் ஓட்டிச்செல்ல விரும்பாதவாறு ஆக்கி, டயர் உட்பட அனைத்திற்கும் வெள்ளை பூசிக் கம்பத்தில் பூட்டுவது செய்முறையாகும்.

அதே ஆண்டு, டெக்சாசு மாநிலத்தில் பேருந்தின் பக்கக் கண்ணாடி தாக்கி ஒரு மிதிவண்டி வீரர் இறந்ததையொட்டி, அவருடைய நண்பர் கிறிஸ் ஃபீலன் டல்லாசில் மௌன ஓட்டத்தைத் தொடங்கினார். மே மாதத்து மூன்றாம் புதன்கிழமையில் மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் செல்வது இதன் முறை. சாலைப் போக்குவரத்தில் பாதிக்கப்பட்டோர் அனைவருக்குமான உலக நினைவு நாள் நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஆகும். பிரிட்டனில் 1993இல் தோன்றிய இதனை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005 அக்டோபரில் ஏற்றது.

நெய்வேலி

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்து, 1957 மே 20 அன்று நேருவால் சுரங்கப்பணி தொடங்கிவைக்கப்பட்டது. வட்டங்களாகப் பிரித்துத் திட்டமிடப்பட்ட நகரியத்தின் அகன்ற, மரநிழல் படர்ந்த உள்சாலைகள் மிதிவண்டிக்கு இசைவானவை. இடர்ப்பாடு நகரியத்திற்கு வெளியே உள்ளது. நிரந்தரத் தொழிலாளர் குடியிருப்பு வீடுகளிலிருந்து செல்ல, ஒப்பந்தத் தொழிலாளரோ பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஷிப்டுக்கு வருகின்றனர். அவர்களுடைய வழி, விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. இச்சாலையின் பழைய எண் 45சி, இன்றைய எண் 36. சிமென்ட் ஆலைகளுக்குச் சாம்பல் ஏற்றிய லாரிகளும், பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஏற்றிய வண்டிகளும், வெளியூர்ப் பேருந்துகளும் ஓடும் இதனை நான்குவழியாக்கும் பணி பல ஆண்டுகள் இழுபட்டது.

இரவு ஷிப்டுக்குச் செல்பவரின் பழைய வகை மிதிவண்டியில் டைனமோ விளக்கு சக்கரம் சுழலும்வரையே எரியும். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கிக் கால் ஊன்றிய நொடியில் விளக்கு அணைந்துவிடுகிறது. கைப்பிடியில் தூக்குச்சட்டி தொங்க நிற்பவர் அப்போது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இதனை ஓட்டியின் கவனக்குறைவு என எழுதுவது தவறு. விளக்கில்லாத ஓரமும் மிதிவண்டிக்கென இடம் ஒதுக்காத சாலையுமே காரணம்.

சட்டம் இவ்வழியை வேலையின் பகுதியாக ஏற்கத் தாமதித்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 51இ பிரிவு, வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையே நேரும் விபத்தை, பணியுடன் தொடர்பு மெய்ப்பிக்கப்படின், பணியின்போது நேர்ந்ததாகக் கொண்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திற்கும் இக்கொள்கை பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. ஷிப்டுக்குப் போகும் வழியில் இறந்தவரை வேலையில் இறந்தவராக நினைப்பதற்கு இத்தீர்ப்பு வழிசெய்கிறது.

இந்தியச் சாலைகளில் 2022இல் இறந்த 1,68,491 பேருள் மிதிவண்டியில் சென்றோர் 4,836. இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவதார் சைனி 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் மிதிவண்டியில் செல்கையில் கார் மோதி இறந்தபோது நாடெங்கும் நாளிதழ்கள் அதனை எழுதின. தமிழகத்துச் சாலைகளில் இறக்கும் கூலித் தொழிலாளிக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை எழுகிறது: நடுவில் ரேஷன் அட்டைக்கோ திருமணத்திற்கோ எடுத்த படத்திலிருந்து வெட்டிய முகம், ஒருபுறம் தோற்றம், மறுபுறம் மறைவு என இரு தேதிகள், கீழே உற்றார் பெயர்வரிசை. கருமாதி முடிந்தபின் அக்கம்பத்தில் வேறொரு பதாகை கட்டப்படுகிறது.