எண்ணிக்கையும் விடுவிப்பும்: ஒரு கணனி நுட்பத்தின் வரலாறு

பலர் ஒருங்கே பயன்படுத்தும் ஒரு பொருளை எப்போது அழிக்கலாம் என்னும் வினா கணனியியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். 1960இல் அதற்கு இரு விடைகள் தோன்றின. ஜோன் மக்கார்த்தி, லிஸ்ப் மொழிக்கென, நினைவகம் தீரும்போது எட்டமுடியாதவற்றைத் தேடித் திரட்டும் முறையை முன்வைத்தார். ஜோர்ஜ் கொலின்ஸோ, ஒரு பொருளை எத்தனை சுட்டுகள் பற்றியுள்ளன என எண்ணி, அவ்வெண்ணிக்கை பூச்சியமானதும் அதனை விடுவிக்கும் முறையை வகுத்தார். ஒன்றையொன்று வட்டமாகச் சுட்டும் பொருள்களின் எண்ணிக்கை ஒருபோதும் பூச்சியமாகாது என்னும் குறையை 1963இல் மக்பெத் எடுத்துக்காட்டினார்.

பெல் ஆய்வுகூடத்தில் 1969 முதல் உருவாகிய யுனிக்ஸ் பணிசெயல் முறைமையிலும் இவ்வெண்ணமே காணப்படுகின்றது. அங்கு கோப்பின் பெயரை நீக்குதல் வேறு; கோப்பு அழிதல் வேறு. இறுதிப் பெயரும் நீங்கி, அதனைத் திறந்துவைத்த இறுதிச் செய்நிரலும் அதனை மூடிய பின்னரே வட்டிலுள்ள இடம் விடுவிக்கப்படும்.

இயங்கும்போதே கழற்றத்தக்க வட்டுக்கள் பெருகியதும் சிக்கல் கடுமையாயிற்று. லினக்ஸ் கருவிலுள்ள சேமிப்புச் சாதன இயக்கியை நோக்குவோம். பயனர் வட்டைப் பிடுங்கிவிடுகிறார்; ஆயினும் அதிலுள்ள கோப்பொன்று இன்னும் திறந்திருக்கின்றது. இயக்கி தன் தரவமைப்பை உடனே விடுவித்தால், பின்வரும் அணுகல் பிறர்க்குரியதாகிவிட்ட நினைவகத்தைத் தீண்டும். ஆகவே இயக்கி புதிய வேண்டுகோள்களை மறுத்து, தன் பங்குச் சுட்டினை மட்டும் கைவிடல் வேண்டும். இறுதியாக மூடுபவரே அமைப்பை விடுவிப்பார். பட்டியலிற் பொருளைக் கண்டுபிடித்தற்கும் அதன் எண்ணிக்கையைக் கூட்டுதற்கும் இடையில் அப்பொருள் அழிந்துவிடாதபடி பூட்டு ஒன்றும் இன்றியமையாதது.

ஒவ்வோர் இயக்கியும் இதனைத் தனித்தனியே எழுதிப் பிழைபட்டமையால், 2004இல் லினக்ஸ் கருவில் 'கேரெஃப்' என்னும் பொது அமைப்புச் சேர்க்கப்பட்டது. 2016இல் அக்கருவின் திறவுகோல் வசதியில் வெளிப்பட்ட பிழையொன்று, 32 இருமத்து எண்ணிக்கையை மீண்டும் மீண்டும் கூட்டிப் பூச்சியத்துக்கே சுழலச் செய்யலாம் எனக் காட்டிற்று. 2017இல் வந்த புதிய எண்ணி, வரம்பு கடந்தால் உறைந்து நின்றுவிடும்: நினைவகம் சிறிது வீணாகும், பயன்பாட்டிலுள்ள பொருள் அழியாது.

நீக்குதலும் அழித்தலும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். எண்ணுவது எளிது, எண்ணப்படும் ஒவ்வொரு பற்றுக்கும் பொறுப்பாளி யார் என வரையறுப்பதே அரிது.