சுமைதாங்கிக் கல்லும் சுமந்தோர் முதுகும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களிலே ஆலமரத்தடியிலும் மடத்தின் அருகிலும் கிணற்றை அண்டியும், நிலைகுத்தாக நாட்டப்பெற்ற இரு கற்களின்மேல் நீண்ட கல்லொன்று கிடையாகக் கிடப்பதைக் காணலாம். சுமைதாங்கி என்பது இதன் பெயர். இன்று அதன்மேற் சுமை இறக்குவார் இல்லை. ஆயினும், சுமையோடு நடப்பதும் ஓடுவதும் முதுகுக்குத் தீங்கு விளைக்குமா என்னும் வினா மருத்துவராலும் உடற்பயிற்சியாளராலும் இன்றும் எழுப்பப்படுகின்றது. இவ்வினாவுக்கு அக்கல் அளிக்கும் விடை யாது, அவ்விடை எவ்வளவு நிறைவானது என்பவற்றைக் கரவெட்டியை மையமாகக் கொண்டு நோக்குவது பயனுடைத்து.

கரவெட்டி வடமராட்சியின் உட்பகுதியில் அமைந்த ஊர். வடக்கே பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய கரையோரப் பட்டினங்கள், தெற்கே நீரேரி, அண்மையிலே நெல்லியடிச் சந்தை. கடற்கரையிலிருந்து மீனும் கருவாடும் உள்ளே வந்தன. தோட்டங்களிலிருந்து புகையிலையும் வெங்காயமும் காய்கறியும் வெளியே சென்றன. 1905ஆம் ஆண்டிலே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. எனினும் வடமராட்சி மண்ணை இருப்புப்பாதை தொடவில்லை. வசதியுடையோர் திருக்கல் வண்டியை நாடினர். ஏனையோருக்குத் தலையே வண்டி, காலே சில்லு. பெண்கள் சும்மாட்டின்மேற் கடகத்தை வைத்து நடந்தனர். ஆண்கள் காவுதடியின் இரு முனைகளிலும் பாரத்தைத் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்தனர்.

கரவெட்டியை அடுத்த கரணவாய் உப்பு விளையும் இடம். அவ்வுப்பைக் கடல்வழியே கொண்டு செல்லும்பொருட்டுக் கருணாகரத் தொண்டைமான் ஆற்றை வெட்டுவித்தான் எனவும், அதனாலேயே தொண்டைமானாறு எனும் பெயர் எழுந்தது எனவும் மரபுக்கதை கூறும். கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும் ஆகுக. உப்பு மூடையை மனிதர் தலையிலிருந்து தோணிக்கு மாற்றுவது, ஓர் ஆற்றையே வெட்டுதற்குப் போதிய காரணமென மக்கள் கருதினர் என்பதை அது புலப்படுத்துகின்றது.

இனிச் சுமைதாங்கியின் அமைப்பை நோக்குவோம். அதன் கிடைக்கல் பெரும்பாலும் மார்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கும். தனியே செல்லும் ஒருவர் பாரச்சுமையை நிலத்தில் இறக்க வேண்டுமாயின் இடுப்பை வளைத்தல் வேண்டும். மீண்டும் தலையில் ஏற்றுவதற்கோ இன்னொருவர் கைகொடுத்தல் வேண்டும். சுமைதாங்கி இவ்விரு தேவைகளையும் நீக்கியது. நின்ற நிலையிலேயே சுமையைக் கல்லுக்கு மாற்றி, இளைப்பாறி, மீண்டும் தலையைக் கொடுத்து எடுத்துச் செல்லலாம். சிவகிரி, சக்திகிரி எனும் இரு குன்றுகளைக் காவிவந்த இடும்பன், பழனியில் இளைப்பாறுவதற்கு இறக்கிவைத்தபின் அவற்றை மீளத் தூக்க முடியாது தவித்தான் என்பது காவடியின் தோற்றம்பற்றிய கதை. சுமப்பதிலும் இறக்கி ஏற்றுவதே கடினம் என்பதைச் சுமந்தறிந்த மக்களின் கதை அறிந்திருந்தது.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுதல் தமிழகத்திலும் ஈழத்திலும் நிலவிய வழக்கமாகும். இறக்கிவைக்க இயலாத சுமையோடு மறைந்தவளின் பொருட்டு, வழிச்செல்வோர் அனைவரும் தம் சுமையை இறக்கிவைத்தால் அவளது பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. கேரளத்தில் அத்தாணி என வழங்குவதும் இதுவே.

இவ்வேற்பாடு தமிழருக்கே உரியது எனக் கொள்ளுதல் தவறாகும். பிரான்சின் அல்சாசு மாநிலத்திலே, 1811ஆம் ஆண்டு நெப்போலியனுக்கு மகன் பிறந்ததை நினைவுகூர்ந்து வழியோரங்களிற் கல்லிருக்கைகள் அமைக்கப்பட்டன. அவற்றில் அமர்வதற்கு ஒரு தாழ்ந்த கல்லும், சந்தைக்குச் செல்லும் பெண்கள் தலைக்கூடையை இறக்குவதற்கு ஓர் உயர்ந்த கல்லும் இருந்தன. அங்கே ஓர் அரசகுமாரனின் பிறப்பு, இங்கே பெயரறியாத் தாயொருத்தியின் இறப்பு. தோன்றிய பொருள் ஒன்றே. இலண்டன் மாநகரின் பிக்காடிலித் தெருவிலும் 1861ஆம் ஆண்டிலே சுமைகாவுவோருக்கென உயர்ந்த பலகையொன்று நிறுவப்பட்டது. நேபாளத்து மலைப்பாதைகளிலே மரநிழலோடு கூடிய சௌதாரா எனும் கல்மேடைகள் உள்ளன; அங்குள்ள சுமைகாவுவோர் கூடையின் அடியில் ஊன்றி நின்றபடியே இளைப்பாறும் கைத்தடியையும் உடன் கொண்டு செல்கின்றனர். அது கையோடு செல்லும் சுமைதாங்கி எனலாம்.

வெவ்வேறு நாட்டு மக்கள் தனித்தனியே கண்ட இவ்வுண்மையை மருத்துவம் பிற்காலத்திலேயே அளந்து காட்டியது. முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாற் காலுக்கு ஓடும் முதுகுவலி உண்டாகலாம் என்பதை 1934ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான மிக்சுடரும் பாரும் எடுத்துக்காட்டினர். சுவீடனைச் சேர்ந்த நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் வட்டத்தட்டினுள் ஊசி செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கும்போது அது குறைவாகவும், நிமிர்ந்து நிற்கும்போது கூடுதலாகவும், பாரத்தைப் பிடித்தபடி முன்னோக்கிக் குனியும்போது மிக உயர்ந்தும் காணப்பட்டது. குனியாது இறக்க உதவிய கல், தட்டின் மிகப் பெரிய அழுத்தத்தைத் தவிர்க்க உதவிற்று என்பது இதனாற் பெறப்படும். இதுகொண்டு கல் நாட்டியோர் உடற்கூற்றியல் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. அவர்கள் அறிந்தது புண்ணியம்; சுமந்தோர் அறிந்தது வலி. இரண்டும் ஓரிடத்திற் சந்தித்தமையே சுமைதாங்கி.

அவ்வாறெனின், நிமிர்ந்து சுமந்து நடப்பது தீங்கற்றதா? 1986ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பழக்கமுற்ற கென்யப் பெண்கள் தம் உடல் எடையின் ஐந்திலொரு பங்கைத் தலையிற் சுமந்தபோதும் மேலதிக சக்தியைச் செலவிடவில்லை எனக் கண்டது. 2005ஆம் ஆண்டின் ஆய்வு, நேபாளத்துச் சுமைகாவுவோர் தம் எடைக்கு ஏறக்குறைய நிகரான பாரத்தோடு, மெல்ல நடந்தும் அடிக்கடி நின்றும் மலையேறுவதைப் பதிவு செய்தது. ஆனால் சக்திச் செலவு வேறு, என்புத் தேய்வு வேறு. சியரா லியோனில் நடந்த ஆய்வொன்று 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தலைச்சுமை காவியோரின் கழுத்தென்புகளில், காவாதோரைவிட மிகுதியான தேய்வு அதிற் காணப்பட்டது. சந்தைக்குப் போகும் பெண்ணின் நிமிர்ந்த நடையைக் கண்டு வியந்தோர் அவளது கழுத்தை நோக்கவில்லை.

மறுபுறத்தில், பாரம் அனைத்தும் முதுகுக்குப் பகை என்பதும் உண்மையன்று. பின்லாந்து முதலிய நாடுகளில் இரட்டையரை ஒப்பிட்டு நடந்த நீண்ட ஆய்வு, வட்டத்தட்டின் தேய்வுக்குத் தொழிற்சுமையைவிடப் பரம்பரையே பெரிய காரணம் எனக் காட்டியது. நெடுந்தூரம் ஓடுவோரின் வட்டத்தட்டுகள் ஓடாதோரினதைவிட நல்ல நிலையில் உள்ளன என 2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். அளவான பாரம் முதுகைப் பேணுகின்றது. அளவு கடந்தால் கெடுக்கின்றது.

பாரத்தோடு ஓடுவதோ தனியே நோக்கற்பாலது. ஓடுபவரின் ஒவ்வோர் அடியிலும் நிலம் அவரது எடையின் இரு மடங்குக்கும் மேலான விசையைத் திருப்பித் தாக்குகின்றது. சுமந்த எடை அதனைப் பெருக்கும். உரோமப் படையின் பயிற்சியாளர்கள் 60 உரோம இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20 கிலோகிராம் பாரத்தோடு புதிய வீரரைப் பழக்க வேண்டுமென வெசீசியசு எழுதியது நடையைக் குறித்தே. அந்நடையும் தீங்கற்றதன்று. பிரசியப் படைமருத்துவரான பிரைத்தவுப்பு, 1855ஆம் ஆண்டிலே, நெடுநடை சென்ற வீரரின் பாதங்கள் வீங்கி வலித்ததை விவரித்தார். அது என்பு முறிவென்பது பின்னரே தெரிந்தது. முதுகுக்கு முன்னர் பாதமே முறையிட்டது. தப்பாற்பையோடு ஓடிய அஞ்சற்காரர் குறித்த தூரத்தில் அடுத்தவரிடம் பையைக் கொடுத்து நின்றனர். அங்கே மனிதருக்கு மனிதரே சுமைதாங்கியாயினர்.

இவையனைத்தையும் தொகுத்து நோக்குமிடத்து, தீங்கை நிர்ணயிப்பவை எடையின் அளவு, அதனை எடுத்து இறக்கும் முறை, இளைப்பாறும் இடைவெளி, மீண்டும் மீண்டும் சுமக்கும் ஆண்டுகள் என்பன ஆகும். சுமைதாங்கி இவற்றுள் இரண்டுக்கு விடை கூறியது: குனியாதே, நின்று செல். எவ்வளவு சுமக்கலாம், எத்தனை ஆண்டு சுமக்கலாம் என்பவற்றுக்கு அதனிடம் விடை இல்லை. அவ்விடையைச் சட்டமே கூற வேண்டியதாயிற்று. சர்வதேசத் தொழிலமைப்பு 1967ஆம் ஆண்டில், உடல்நலத்துக்கு ஊறு விளைக்கும் எடையை எத்தொழிலாளியும் சுமக்கச் செய்தலாகாது என உடன்படிக்கை செய்தது. வளர்ந்த ஆணுக்கு உச்ச அளவாக 55 கிலோகிராமை விதந்துரைத்தது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவகம், மிகச் சிறந்த நிலைமையிலும் தூக்கத்தக்கது 23 கிலோகிராமே எனக் கணித்தது. அறிவு வளர வளர எடை குறைந்தது.

சுமைதாங்கி விடை கூறாத வினா இன்னொன்றும் உண்டு. சுமந்தவர் யார்? நிலமும் வண்டியும் உடையோர் சுமந்திலர். சாதியாலும் வறுமையாலும் கீழ்ப்படுத்தப்பட்டோரின் தலைமீதே பெரும்பாரம் ஏறியது. சுமைதாங்கியின் அருகே கிணறு இருந்தது. ஆனால் சுமந்து களைத்தவருட் பலருக்கு அக்கிணற்றில் நீரள்ளும் உரிமை இருக்கவில்லை. கல் எவர் சுமையையும் தாங்கிற்று. கிணறு எவர் தாகத்தையும் தீர்க்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1960களில் வடமராட்சி உட்படக் குடாநாடெங்கும் நிகழ்ந்த ஆலய நுழைவு, தேநீர்க்கடைப் போராட்டங்களும் அக்குறையை எதிர்த்து எழுந்தவையே. முதுகு வளைந்தது எடையால் மட்டுமன்று.

கல்லை நாட்டியோரின் அறம் மெய்யானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இளைப்பாற இடங்கொடுத்த சமூகம், சுமையைப் பகிர்ந்துகொள்ள முன்வரவில்லை என்பதும் மெய்யே. கொழும்புப் புறக்கோட்டையிலே மூடை காவும் நாட்டாமைகளுக்கும், மலைநாட்டிலே கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவேறும் தோட்டப் பெண்களுக்கும் இவ்வரலாறு இன்னும் முடியவில்லை. பழைய கற்களைப் பேணுதல் வேண்டும். அவற்றின் அருகே, சுமந்தோரின் பெயரறியா முதுகுகளையும் நினைவிற் பேணுதல் அதனினும் வேண்டும்.